ஜப்பானில் பழமையின் உறைவிடம்

வழிகாட்டியின்றி ஜப்பான் தேசத்தைச் சுற்றிப்பார்க்க விரும்பும் தம்பதிகளுக்குப் பிரயாணம் எளிதே. 1964 முதல் தோக்கியோவுக்கும் ஒஸாக்காவுக்குமிடையே ஓடும் அதிவேக ரயில், கியோத்தோவிலும் நிற்கும். ஆயின், கண்டதன் பொருளையுணர்தல் அத்துணை எளிதன்று.

தோக்கியோவிலுள்ள சென்ஸோஜி ஆலயம் 7-ஆம் நூற்றாண்டில் தோன்றியதென்பர். அதன் பிரதான மண்டபமோ 1945-இல் குண்டுவீச்சில் எரிந்து, 1958-இல் மீண்டும் எழுப்பப்பெற்றது. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராயிருந்த கியோத்தோவிலும், பொன்மண்டபமாகிய கின்காகுஜி 1950-இல் தீக்கிரையாகி, 1955-இல் புதுப்பிக்கப்பட்டது. அங்ஙனமாயின் யாம் காண்பது பழமையோ, போலியோ?

இவ்வையத்திற்கு விடை, கியோத்தோவினின்று ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் சேரக்கூடிய ஈஸே நகரிலுள்ளது. அங்குள்ள ஷிந்தோ ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கொருமுறை, பழைய அமைப்பின்படியே, புதுமரத்தால், அடுத்த நிலத்தில் கட்டுகின்றனர். 690-இல் தொடங்கிய இவ்வழக்கம், போர்க்காலங்களில் தடைப்பட்டும் அழியாது, 2013-இல் 62-ஆம் முறை நிறைவேறிற்று. மூத்த தச்சர் செய்ய, இளையோர் உடனிருந்து கற்பர். மரம் மாறும், தொழில் மாறாது.

உட்சந்நிதியுள் பொதுஜனங்கள் புகலாகாது. வேலிக்குமேல் கூரை மாத்திரமே தோன்றும். ஆயினும் அருகே அடுத்த ஆலயத்திற்கெனக் காத்துக்கிடக்கும் வெறுநிலத்தை இருவரும் சற்றே நின்று நோக்குவாராக. ஜப்பானியர் தம் பழமையை மரத்தினும் மனிதர் கைகளிலேயே வைத்துக் காக்கின்றனரென்பது அங்கு விளங்கும்.