மருமகளின் ஓட்டு

சென்னையில் வக்கீலாகப் பதிவு செய்து, கல்யாணமாகிப் புனே வந்த என் மருமகள் சிவாஜிநகர் கோர்ட்டில் தொழில் செய்கிறாள். "மகாராஷ்டிரா-கோவா பார் கவுன்சில் தேர்தலில் எனக்கு ஓட்டில்லையாம், மாமா" என்று முகம் வாடினாள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி, ஒருவர் பெயர் ஒரு மாநிலப் பட்டியலில்தான் இருக்கலாம். ஓட்டும் அங்கேதான். மாற்றிக்கொள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மனுச் செய்ய வேண்டும்.

ஓட்டுமுறைதான் விசேஷம். இடங்கள் 25. பிடித்தவர்களுக்கு 1, 2, 3 என்று எண் போட வேண்டும், ராஜ்யசபைத் தேர்தல் மாதிரி. செல்லும் ஓட்டுகளில் 26இல் ஒரு பங்கைச் சற்றே தாண்டினால் ஜெயம். மிஞ்சியவை அடுத்த பெயருக்கு நகரும்; யார்டில் வேகன் பிரிப்பது போலத்தான்! சிறு கூட்டமும் சேர்ந்து நின்றால் ஓர் ஆளை அனுப்பிவிடலாம். வெளிமாநிலத்தாருக்கு இது சாமானியமா? மருமகள் நேற்றே மனு எழுதிவிட்டாள்.