காவிரிச் சமவெளிக்கு அடியில் ஒரு மலைநாடு

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் நின்று மேற்கே திரும்பினால் தென்னை, வாய்க்கால், வயல் என எல்லாம் ஒரே மட்டம். மண்ணுக்கு அடியில் நிலைமை வேறு. அங்கே காரைக்கால் முகடு என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட பாறை மேடு ஒன்று புதைந்து கிடக்கிறது. அதற்கு வடக்கே தரங்கம்பாடிப் பள்ளம், தெற்கே நாகப்பட்டினப் பள்ளம். இந்தப் பள்ளங்களில் வண்டலும் மணலும் களிமண்ணும் கிலோமீட்டர் கணக்கில் படிந்திருக்கின்றன.

ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தது. அந்த இழுவையில் நம் கடற்கரையோர மேலோடு வடகிழக்கு – தென்மேற்காக வெடித்தது. சில பாளங்கள் தாழ்ந்தன, சில நின்றுவிட்டன. பிறகு ஆறுகளும் கடலும் மாறி மாறி அவற்றை மூடின.

மூடிக் கிடப்பதைத் தோண்டாமல் கண்டுபிடிக்கக் காந்தம் கைகொடுக்கிறது. அடித்தளத்தில் இருப்பவை பழம்பாறைகள். பல்லாவரம் குன்றுகளில் பார்க்கிறோமே, அந்தச் சார்னோக்கைட் போன்ற பாறைகளில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது உண்டு. மேலே படிந்த வண்டலில் அது மிகக் குறைவு. ஆகவே காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானிக்கு வண்டல் ஒரு தடையே இல்லை. கடலடியில் பார் (பாறைத் திட்டு) எங்கே, சேறு எங்கே என்று மேலிருந்தே கணிக்கும் மீனவரைப் போல அது ஆழத்துப் பாறையைக் கணிக்கிறது.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கம்பின் நுனியில் உணர்கருவியைப் பொருத்தி, நேர்கோட்டில் நடந்து, குறித்த இடைவெளிகளில் அளவெடுப்பார்கள். அளப்பவர் பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, செல்போன் எதையும் வைத்திருக்கக் கூடாது. மின்கம்பியும் இரும்பு வேலியும் பக்கத்தில் இருந்தால் கணக்கு கெடும். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 ஆயிரம் நானோடெஸ்லா. அடிப்பாறை அதில் உண்டாக்கும் மாற்றம் பெரும்பாலும் சில பத்துகள், சில நூறுகள்தான்.

இதில் தென்னாட்டுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிச் செல்கிறது. அதன் மேலே வானில் பகல் நேரத்தில் பாயும் வலுவான மின்னோட்டம் தரையில் கிடைக்கும் அளவைப் பல பத்து நானோடெஸ்லா ஆட்டிவிடும். அதனால் ஒரு கருவியை ஓரிடத்தில் நிலையாக வைத்து, நாள் முழுவதும் அது காட்டும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிடுவார்கள். இரண்டாவது, இங்கே காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாகவே இருக்கிறது. காந்தத் தன்மை மிகுந்த பாறைக்கு நேர் மேலே அளவு கூடுவதற்குப் பதிலாகக் குறையும். ஐரோப்பியப் பாடநூலைப் பார்த்து நம் பகுதியின் காந்த வரைபடத்தைப் படித்தால் மேடு பள்ளமாகத் தெரியும்.

ஆழத்தையும் கணிக்கலாம். பாறை அருகில் இருந்தால் காந்த அளவுகளின் வரைகோடு செங்குத்தாக ஏறி இறங்கும். ஆழத்தில் இருந்தால் அகன்று மெல்லச் சரியும்.

காவிரிப் படுகையில் இந்த வகை ஆய்வுகள் 1950களின் பிற்பகுதியில் தொடங்கின. ஈர்ப்பு விசை அளவைகளும் நில அதிர்வு அலை ஆய்வும் சேர்ந்தன. 1964-இல் ஓ.என்.ஜி.சி. காரைக்காலில் ஆழ்துளைக் கிணறு தோண்டியது. பின்னர் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. ஆனால் காந்தம் எண்ணெயைக் காட்டாது. பாறையின் வடிவத்தை மட்டுமே காட்டும். அதற்கு மேல் சொல்லப்படும் எதையும் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

டெல்டாவில் எண்ணெயும் நிலத்தடி நீரும் அன்றாடப் பேச்சாக இருக்கின்றன. காலடியில் இருப்பது என்ன என்று தெரிந்து பேசுவதே நமக்கு நல்லது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' இணையதளத்தில் பல நிலவியல் வரைபடங்கள் கிடைக்கின்றன. பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வட்டாரத்தின் வரைபடத்தை அதில் தேடி எடுத்து மாணவர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

(தொடரும்)