பாலின அடையாளமும் தன்பாலீர்ப்பும்: தமிழ்ச் சமூக ஏற்பின் இருவேறு பாதைகள்

ஆய்வுச் சுருக்கம்

பாலின அடையாளம், பாலீர்ப்பு ஆகிய இரண்டும் வெவ்வேறானவை. ஒன்று ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பதைப் பற்றியது. மற்றொன்று அவர் யாரை விரும்புகிறார் என்பதைப் பற்றியது. தமிழகத்தில் முன்னதற்கு மரபும் அரசும் ஓரளவு இடமளித்துள்ளன. பின்னது அண்மைக்காலத்திலேயே பொதுப்பேச்சிற்கு வந்துள்ளது. இவ்வேறுபாட்டின் காரணங்களை இலக்கண மரபு, சொல்லாட்சி, நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பால், திருநர், தன்பாலீர்ப்பு, சொல்லாக்கம், குடும்பம், சமூக ஏற்பு.

முன்னுரை

தன்பாலீர்ப்பாளர் உரிமை, திருநர் உரிமை ஆகிய இரண்டும் இன்று ஒரே இயக்கமாகப் பேசப்படுகின்றன. ஆயினும் இவ்விரண்டின்பாலும் சமூகம் கொண்டுள்ள மனநிலை ஒரே அளவினதன்று. ஒரே காலத்தில் மாறியதுமன்று. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டபோது, ஒரே பாலினத்தவர் இருவரின் உறவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. ஒரு பிரிவினர்க்கு வாரியமும் மற்றொரு பிரிவினர்க்குத் தண்டனைப் பிரிவும் ஒரே காலத்தில் நிலவியமை எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

இலக்கண மரபில் பால்

‘பால்’ என்னும் சொல் பகுப்பு, பக்கம் என்னும் பொருள்களை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் இலக்கணம் உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் எனப் பகுத்தது. இப்பகுப்பினுள் எளிதில் அடங்காத மாந்தரையும் இலக்கணிகள் கருத்திற்கொண்டனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், ஆண்தன்மை நீங்கியோரைக் குறிக்கும் பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே முடியும் என்றும் விதிக்கிறது. அப்பெயர் ஆண்பாற்குரிய ஈற்றினை ஏலாது என்றும் அவ்வியல் தெளிவுபடுத்துகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூல் இதனை மேலும் விரிக்கிறது. பெண்மையை விடுத்து ஆண்மையை அவாவுவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விடுத்துப் பெண்மையை அவாவுவோர் பெண்பாலாகவும் கொள்ளப்படுவர் என்பது பவணந்தியாரின் கருத்து. ஒருவரது விழைவே அவரது பாலைத் தீர்மானிக்கும் என்னும் இக்கருத்து இன்றைய பாலின அடையாள உரிமைக்கு நெருக்கமானது. ஆயினும் அதே நூற்பா அவர்கள் அஃறிணையை ஒத்து வருதற்கும் இடமளிக்கிறது. ஏற்பும் இழிவும் ஒரே விதிக்குள் அருகருகே நிற்கின்றன.

இவ்விதிகளில் நோக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. ஒரு பாலிலிருந்து மறுபாலுக்குச் செல்வோர்க்கு இலக்கணம் இடம் கண்டது. இரு பால் என்னும் அமைப்பு அதனால் குலையவில்லை. தன் பாலிலேயே நின்று தன் பாலினரையே விரும்புவோரைக் குறிக்கப் பால்பகுப்பில் தேவை எழவில்லை. அகத்திணை மரபும் தலைவன், தலைவி என்னும் இணையின்மீதே எழுப்பப்பட்டது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் பேடியுருவில் ஆடிய ஆடலும் ஒன்று. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் கூத்தாண்டவர்க்கு மணமகளாகித் தாலி கட்டிக்கொள்கின்றனர். பால் மாறுதல் கலையிலும் சடங்கிலும் காணப்படுகிறது. ஆனால் அம்மணச் சடங்கும் மணமகன், மணமகள் என்னும் வடிவத்தை விடவில்லை.

சொல் மாற்றமும் மனநிலை மாற்றமும்

சென்ற நூற்றாண்டின் பேச்சுவழக்கில் திருநங்கையரைக் குறித்த சொற்கள் பெரும்பாலும் வசைகளே. ‘அலி’ என்பதும் எண்ணுப்பெயராகிய ‘ஒன்பது’ என்பதும் கேலிக்கே பயன்பட்டன. பின்னர் கூவாகத் தொன்மத்தின் அடியாக ‘அரவாணி’ என்னும் சொல் பரவியது. அது வசையினும் மேலானது. எனினும் ஒரு தொன்மத்திற்குள்ளேயே அவர்களை நிறுத்தியது. ‘திருநங்கை’ என்னும் சொல்லை அரசு ஏற்று வழங்கியபோது நிலை மாறியது. மதிப்பு அடையாகிய ‘திரு’வும் உயர்பெண்ணைக் குறிக்கும் ‘நங்கை’யும் இணைந்த இச்சொல், அழைப்பவரையே மரியாதைக்கு உட்படுத்துகிறது. இதன் வழியே ‘திருநம்பி’, ‘திருநர்’ ஆகியனவும் எழுந்தன.

தன்பாலீர்ப்பைக் குறித்த சொற்களின் வரலாறு வேறு. இதழ்கள் நெடுங்காலம் வழங்கிய ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல்லில் இரு குறைகள் உள்ளன. ‘இனம்’ என்பது சாதி, குலம், உயிர்வகை எனப் பலபொருள் தருவது. பாலைத் தெளிவாகக் குறிப்பதன்று. ‘சேர்க்கை’ என்பதோ ஒருவரது வாழ்வையும் அன்பையும் விடுத்து உடற்செயல் ஒன்றனை மட்டுமே சுட்டுவது. செயலைக் குறிக்கும் சொல் குற்றவியலுக்கு எளிதில் பொருந்தும். மனிதரைக் குறிக்கும் சொல் அவ்வாறு பொருந்தாது. ‘தன்பாலீர்ப்பு’ என்னும் சொல் இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. அது செயலிலிருந்து இயல்புக்கும், குற்றத்திலிருந்து உணர்வுக்கும் பேச்சை நகர்த்துகிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலை ஒட்டி, இத்துறைச் சொற்களுக்கான தமிழ்ச் சொற்கோவையை 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. காவல்துறையும் ஊடகமும் ஒருவரை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கவலையாயிற்று. 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, ‘குயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை வழங்குவதில் தனக்குள்ள தயக்கத்தைத் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. விந்தையானது, இயல்பிற்கு மாறானது என்னும் பொருளுடைய ஒரு சொல்லால், தம் இயல்பின்படி வாழ்வோரை அழைப்பது எங்ஙனம் என்பதே அத்தயக்கம். இழிசொல்லைத் தமதாக்கி அதன் நஞ்சை நீக்குவது மேலை இயக்கத்தின் உத்தி. தமிழில் நிகழ்ந்தது அதன் மறுதலை. இழிசொல்லை விலக்கி மதிப்புச்சொல்லை நாட்டுவதே இங்குப் பெரிதும் பின்பற்றப்பட்ட வழி.

இலக்கியத்திலும் திரையிலும் இதே வரிசையைக் காணலாம். கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதையும் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவலும் பாலின அடையாளச் சிக்கலை முன்னரே பேசின. பின்னர் திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே எழுதினர்; லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பெண்கள் இருவரின் காதலைக் குடும்பத்தின் நடுவில் வைத்துப் பேசிய ‘காதல் என்பது பொதுவுடைமை’ திரைப்படம் 2025இல்தான் திரையரங்குகளுக்கு வந்தது.

சட்டத்தில் இரு பாதைகள்

இவ்விரு பாதைகளும் உச்சநீதிமன்றத்தில் மிகக் குறுகிய இடைவெளியில் எதிரெதிராகப் பிரிந்தன. 2013 டிசம்பர் 11ஆம் நாள், 377ஆம் பிரிவைக் கட்டுப்படுத்திய தில்லி உயர்நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் நீக்கியது. நான்கு மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15ஆம் நாள், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநர்க்கு உண்டு என அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு தீர்ப்பளித்தது. அடையாளத்திற்கு மதிப்பும் அன்பிற்குத் தண்டனையும் என்னும் முரண் 2018 செப்டம்பர் 6ஆம் நாள்வரை நீடித்தது. அன்றுதான் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயதுவந்தோரின் ஒப்புதலுடன் கூடிய ஒருபால் உறவு குற்றமன்று என்றது.

திருமணத்தில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனக் கூறி, ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய ஆணையிட்டது. 2023 அக்டோபர் 17ஆம் நாள் உச்சநீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்தது. ஆனால் ஆண்–பெண் இணையாக அமையும் உறவிலுள்ள திருநர் நடப்புச் சட்டங்களின்படியே மணக்கலாம் என அதே தீர்ப்பில் உறுதி செய்தது. ‘மணமகள்’ என்னும் சொல்லின் பொருளை விரிக்க இயன்றது. ‘மணமகன்–மணமகள்’ என்னும் இணையை விரிக்க இயலவில்லை. நன்னூல் நூற்பாவின் தருக்கமும் இத்தீர்ப்புகளின் தருக்கமும் இவ்விடத்தில் ஒத்திருக்கின்றன.

மக்கள் மனநிலை நீதிமன்றத்தின் நிலையோடு அப்படியே ஒத்ததென்று கொள்வதற்கில்லை. பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கருத்தாய்வில், ஒரே பாலினத்தவர் திருமணத்தைச் சட்டம் ஏற்பதை இந்தியாவில் 53 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 43 விழுக்காட்டினர் எதிர்த்தனர். எனினும், பொதுவான வினாவிற்கு விடையளிப்பதும் தம் வீட்டுப் பிள்ளையின் உறவை ஏற்பதும் ஒன்றல்ல.

அரசின் வாயிலும் வீட்டின் வாயிலும்

தமிழகத்திலிருந்து நீதிமன்றம் சென்ற வழக்குகளின் தன்மையை ஒப்பிட்டால் அவ்வேறுபாடு புலப்படும். திருநர் வழக்குகளுள் பல அரசிடம் ஓர் இடத்தைக் கேட்பவை. காவல் உதவி ஆய்வாளர் பணிக்காகப் பிரித்திகா யாசினி தொடுத்த வழக்கில் 2015இல் உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மதுரைக் கிளை வழக்கில் கேட்கப்பட்டது பதிவுச் சான்று. பணி, சான்று, அட்டை, ஒதுக்கீடு என இவை அரசு வழங்கக்கூடியவை.

தன்பாலீர்ப்பு வழக்குகளோ பெரும்பாலும் வீட்டிலிருந்து விடுபடக் கேட்பவை. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ முற்பட்டபோது, பெற்றோர் காவல்துறையில் புகார் அளித்தனர். பாதுகாப்புக் கோரிய அவர்களின் வழக்கில் 2021 ஜூன் 7ஆம் நாள் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த ஆணை, பாலீர்ப்பை ‘மாற்றும்’ மருத்துவ முயற்சிகளுக்குத் தடை கோரியது. இப்பொருள் குறித்துத் தமக்கிருந்த முன்முடிவுகளை ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் தாமே ஆற்றுப்படுத்தல் பெற்ற பின்னரே அவர் அவ்வாணையை எழுதினார். 2022இல் காவலர் நடத்தை விதிகளும் திருத்தப்பட்டன. 2025 மே மாத வழக்கு, பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்த பெண்ணை மீட்கக் கோரிய ஆட்கொணர்வு மனுவே ஆகும். குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இவ்வொப்பீடு கசப்பான ஓர் உண்மையை உணர்த்துகிறது. திருநங்கையர் பலர் இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தாய்–மகள் என்னும் முறைவைத்துத் தமக்குள் ஒரு குடும்பத்தை அமைத்துக்கொண்டனர். அவர்களுக்கு அரசு வாரியம் அமைத்தபோது, அவர்களை விலக்கிய வீடு எதனையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தன்பாலீர்ப்பாளரோ பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே இருப்பவர். மகனாகவோ மகளாகவோ நின்று, திருமணப் பேச்சு எழும்போது தம் இயல்பைச் சொல்ல வேண்டியவர். அவரை ஏற்பதென்பது குலத்தொடர்ச்சி, சாதித்திருமணம், சொத்துரிமை ஆகியவற்றைக் குடும்பம் மறுபரிசீலனை செய்வதாகும். திருநர்க்குக் கிட்டிய ஏற்பு வீட்டின் வாசலுக்கு வெளியே கிட்டியது. தன்பாலீர்ப்பாளர் கேட்பது வாசலுக்கு உள்ளே.

ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் இவ்வரிசை தலைகீழானது. அங்கு 2015இலேயே உச்சநீதிமன்றம் ஒரே பாலினத்தவர் திருமணத்தை நாடு முழுமைக்கும் உரிமையாக்கியது. காலப் நிறுவனத்தின் கணிப்புகளில் அதற்கான ஆதரவு 1996இல் 27 விழுக்காடாக இருந்து, 2022இல் 71 விழுக்காடாக உயர்ந்தது. பாலின அடையாளம் பற்றிய அரசியல் பூசல் கூர்மையடைந்த காலத்தில் அது சற்றே தளர்ந்து 2025இல் 68 விழுக்காடாயிற்று; குடியரசுக் கட்சியினரிடையே 2022இல் 55 விழுக்காடாக இருந்தது 41 விழுக்காடாகக் குறைந்தது. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில் ஒருபால் உறவை அறத்திற்கு உகந்தது என்றோர் 64 விழுக்காட்டினர். பாலின மாற்றத்தை அவ்வாறு கருதியோர் 43 விழுக்காட்டினரே. அங்குத் தன்பாலீர்ப்பு குடும்பத்திற்குள் முன்னதாக இடம்பெற்றது. பாலின அடையாளம் பின்தங்கியது. எனவே, இவ்விரண்டனுள் எது ‘இயல்பாக’ எளிதில் ஏற்கப்படும் என்னும் வினாவிற்குப் பொதுவிடை இல்லை. ஒவ்வொரு சமூகமும் தன் அமைப்பில் எதனை அசையாததாகக் கருதுகிறதோ அதனைத் தொடாத உரிமையையே முதலில் வழங்குகிறது.

முடிவுரை

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு திருநர்க்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இரு பிரிவினர்க்கும் ஒரே கொள்கையா, தனித்தனிக் கொள்கைகளா என்னும் விவாதம் அதற்கு முன்பே எழுந்திருந்தது. பணி, உறையுள், மருத்துவம் எனத் திருநரின் தேவைகள் தனித்தன்மையுடையவை ஆதலின் தனிக்கொள்கைக்கு நியாயம் உண்டு. ஆயினும் பிரித்து வகுப்பது, ஒன்றை வழங்கி மற்றொன்றைக் காலவரையின்றி ஒத்திவைக்கும் வழியாகிவிடக் கூடாது. தன் பாலினரையே விரும்பும் திருநங்கையும் திருநம்பியும் இரு பிரிவிலும் அடங்குபவர். அவர்களின் வாழ்வை இரண்டாக வெட்டுதல் இயலாது.

சொல்லாக்கம் இதில் தன் பங்கினை ஆற்றியுள்ளது. ‘திருநங்கை’ என்னும் சொல் ஒரு சமூகத்தின் நாவைத் திருத்தியது. ‘தன்பாலீர்ப்பு’ என்னும் சொல் இன்னும் தீர்ப்புகளிலும் கட்டுரைகளிலுமே பெரிதும் வழங்குகிறது. தம் பிள்ளையைப் பற்றிப் பேசும் தாய் ஒருவர் இயல்பாக வழங்கும் வீட்டுச்சொல்லாக அது ஆகும் நாளில்தான், மனநிலை மாறியது என்று துணிந்து கூற இயலும்.