வளர்ப்பு நாய் ஏன் கடிக்கிறது?

செய்யூர் வட்டாரத்தில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் நமக்கு, தறிக்குழியருகே படுத்திருக்கும் நாயும் களத்துமேட்டைக் காக்கும் நாயும் பழக்கமானவையே. ஆயினும், “நம் வீட்டு நாய்தானே!” என்று கடிபட்ட காயத்தை அலட்சியம் செய்யும் அங்கத்தினர்களைக் காணும்போது நம் மனம் துணுக்குறுகிறது.

நாய் வன்மத்தால் கடிப்பதில்லை. அச்சம், உடல் நோவு, குட்டியையும் உணவையும் காக்கும் இயல்பு ஆகியனவே பெரும்பாலும் காரணங்கள். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குழந்தைகள் தொடலாகாது. உறுமுதலும் உடல் விறைத்தலும் அது தரும் எச்சரிக்கைகள். உறுமியதற்காக அடித்தால், மறுமுறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். சாதுவான நாய் திடீரெனக் கடித்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

கடிபட்டவர் செய்யவேண்டுவது யாது? காயத்தைச் சவுக்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்பலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெறிநோயின் குறிகள் தோன்றியபின் உயிர் மீள்வது அரிதினும் அரிது.

1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய காலத்தில், கடிபட்டோர் ஊசிக்காக மலையேற நேர்ந்தது. பின்னர் வயிற்றில் 14 ஊசிகள் என்றிருந்த அச்சமும் இன்று இல்லை. இன்று சில தடுப்பூசிகளைக் கையில் இடுகின்றனர். அரசு மருத்துவமனைகளில் அவை இலவசம். தவணை எதனையும் தவறவிடலாகாது.

நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவோம். பாவில் அறுந்த இழையை உடனே பிணைக்கும் நாம், உயிர்க் காரியத்தில் நாளைக் கடத்தலாமா?