இலைச் சாறும் சாய நீரும்

இலைச் சாற்றைக் கொண்டு சாயக் கழிவுநீரைத் தூய்மை செய்ய இயலுமா எனக் கருங்குழி வட்டார அங்கத்தினர்கள் நம்மை வினவுகின்றனர். அதனை ஈண்டு விளக்குவோம்.

வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றுடன் வெள்ளி உப்பின் கரைசலைச் சேர்த்தால், மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் உண்டாகின்றன. புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார் 2004-இல் இம்முறையை வெளியிட்டனர். தேயிலைச் சாற்றால் இரும்புத் துகள்களும் செய்யப்படுகின்றன. நானோ துகள் எனப்படும் இவை, ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. சிறுமையால் இவற்றின் மேற்பரப்பு மிகுகின்றது; ஆகவே இரும்புத் துகள்கள் சாயத்தைப் பற்றி நிறத்தை நீக்குகின்றன. வெறும் இலைச் சாறு இதனைச் செய்யாது.

எனினும், நிறம் நீங்குவது வேறு. நீர் தூய்மையாவது வேறு. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காக இடும் உப்பு நீரிலேயே தங்கிவிடும். தெளிந்து தோன்றும் அந்நீரும் பயிரைக் கெடுக்கும். நொய்யலாற்றுப் பாசன விவசாயிகள் இவ்வுப்பினால் நலிவுற்றனர்; 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

ஆதலின், நிறம் போயிற்று என்று சாய நீரை ஏரிக்கால்வாயில் விடலாகாது. தனித் தொட்டியில் தேக்கி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புதலே முறை. நெசவாளர் விடும் நீரே உழவர் பாய்ச்சும் நீர் என்பதை அங்கத்தினர் யாவரும் உணர்வாராக.