பெஞ்சுக்கு அடியில் ஒரு செவலை

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரம். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த செவலை நாயின் பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. "அண்ணே, இதுக்கு வலிப்பா?" என்றார் பக்கத்தில் இருந்த தம்பி.

கூப்பிட்டுப் பாருங்க தம்பி என்றேன். கனவில் ஓடுகிற நாய் என்றால் கூப்பிட்டதும் விழிக்கும், இழுப்பும் நின்றுவிடும். செவலை விழித்தது, வாலை ஆட்டியது, கால் மட்டும் நிற்கவில்லை. அதே தசை, அதே தாளம். குட்டியில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்களுக்கு இப்படி இருப்பதுண்டு. வைரஸ் நரம்பில் விட்டுப்போன வடு அது. பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே வரும். நினைவு தப்பாத இந்த இழுப்பு, விழுந்து துடிக்கும் வலிப்பு இல்லை. ஆனால் இழுப்பு புதிதாக ஆரம்பித்து, கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

டிஸ்டெம்பரைத் தடுக்க ஊசி உண்டு, ஆனால் பலர் அதை வெறிநோய் ஊசியோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஜூலை 6, 1885இல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு வெறிநோய் ஊசி போட்ட நாள். அந்தத் தேதியில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். அதைப் போட்டாச்சே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த ஊசி டிஸ்டெம்பரைத் தடுக்காது. அதற்கு வேறு ஊசி, ஆறு முதல் எட்டு வார வயதிலேயே தொடங்க வேண்டும். அது தெரியாமல் விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

வலிப்பு வந்தால் நாய் சாய்ந்து விழும், நான்கு காலும் துடுப்பு போடும், நுரை தள்ளும், சிறுநீர் போகும். மனிதருக்குச் செய்கிற மாதிரி சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கையை வைக்கவே வைக்காதீர்கள். தலை இடிக்கிற பொருளை நகர்த்திவிட்டு, போனில் நேரம் பாருங்கள், வீடியோ எடுங்கள். நாயைக் கொண்டுபோகும்போது வலிப்பு நின்றிருக்கும். அந்த வீடியோதான் டாக்டருக்குக் கண். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ காத்திருக்கக் கூடாது. விடாத இழுப்பில் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் அது இன்னும் ஆபத்து.

குட்டி போட்ட நாய் என்றால் இன்னும் வேகம் வேண்டும். பால் கொடுத்து இரண்டு, மூன்று வாரம் ஆன தாய் மூச்சிரைத்து, கால் விறைத்து நடுங்கினால், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். சில மணி நேரத்தில் உயிரே போகும். குட்டிகளைப் பிரித்துவிட்டு ஓடுங்கள். ரத்தக் குழாயில் கால்சியம் மெதுவாக ஏறியதும் நடுங்கின நாய் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் பால் கிண்ணத்தை நீட்டிப் பயனில்லை.

வலிப்பு வந்த நாய்க்கு, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவியிருந்தாலோ, எலி மருந்து தின்றதாகச் சந்தேகம் இருந்தாலோ, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். வெறிநோய் ஊசி போடாத நாய் தாடை தொங்கி, எச்சில் ஒழுகத் தள்ளாடினால் தொடவே வேண்டாம். எச்சில் புண்ணில் பட்டாலோ, கடித்தாலோ சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மனித ஆஸ்பத்திரிக்கு.

தம்பி செவலைக்கு ஒரு பன் வாங்கிப் போட்டார். கால் வெட்டிக்கொண்டே இருக்க, அது நிதானமாகத் தின்றது.