பைத்தானில் உணரி நிரற்கூறு காணப்படாமை

ராஸ்பெர்ரி பை போன்ற சிறுகணினியில் உணரிக்கான (சென்சார்) மென்பொருளை மூலநிரலிலிருந்து நிறுவிய பிறகும், நிரலை இயக்கும்போது குறிப்பிட்ட நிரற்கூறு (மாட்யூல்) இல்லை என்று பைத்தான் பிழைச்செய்தி தருவது உண்டு. பைத்தான் 3.6 முதல் இது 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்' என்றும், அதற்கு முந்தைய பதிப்புகளில் 'இம்போர்ட் எரர்' என்றும் தோன்றும். தேடிய இடங்களில் அந்தப் பெயருடைய கூறு கிடைக்கவில்லை என்பதே இச்செய்தியின் பொருள். கணினியில் அது இல்லவே இல்லை என்று பைத்தான் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அதே மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவுவோர் பலர்.

மூலநிரலின் தேவை

மாணவர் செயல்திட்டங்களில் மிகுதியாகப் பயன்படும் டிஎச்டி11, டிஎச்டி22 ஆகியவை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளப்பவை. இவை ஒவ்வோர் அளவீட்டையும் ஒரே கம்பி வழியாக 40 பிட்டுகளாக அனுப்புகின்றன. துடிப்பு சுமார் 26 முதல் 28 மைக்ரோவினாடி நீடித்தால் அது 0. சுமார் 70 மைக்ரோவினாடி நீடித்தால் 1. இவ்வளவு குறுகிய நேரத்தைப் பைத்தானால் நம்பகமாக அளக்க இயலாது. ஆகவே அடாஃப்ரூட் நிறுவனம் வெளியிட்ட பழைய டிஎச்டி நிரலகத்தில் துடிப்பை அளக்கும் பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் அதன் மேலுறை மட்டுமே.

சி பகுதியைப் பயனரின் கணினியிலேயே தொகுக்க (கம்பைல்) வேண்டும். அதற்கு சி தொகுப்பியும், 'பைத்தான்.எச்' என்ற தலைப்புக் கோப்பும் தேவை. இத்தலைப்புக் கோப்பு 'பைத்தான்3-டெவ்' என்னும் தனிப் பொதியில் உள்ளது. அது இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடும். திரையில் ஓடும் நீண்ட வரிகளில் இது கண்ணில் படாமல் போவது இயல்பு. கடைசி வரியைவிட, முதன்முதலில் பிழை என்று வந்த வரியைத் தேடிப் படிப்பதே பயன் தரும்.

தேடும் பாதை

நிறுவல் முழுமையாக முடிந்தும் கூறு கிடைக்கவில்லை என்றால் தேடும் பாதையை ஆராய வேண்டும். ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான கோப்புறைப் பட்டியல் உண்டு. பழைய ராஸ்பெர்ரி பை இயங்குதளங்களில் வெறுமனே 'பைத்தான்' என்ற கட்டளை பைத்தான் 2-ஐயே அழைத்தது. அதைக் கொண்டு நிறுவிய கூறு பைத்தான் 3-க்குத் தெரியாது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது. ஆயினும் அக்காலப் பாடக்குறிப்புகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

இயங்குதளத்தை மேம்படுத்தும்போதும் இதே சிக்கல் எழும். பைத்தான் 3.9 கோப்புறையில் இருந்த கூறு அங்கேயே இருக்கும். புதிதாக வந்த 3.11 அங்கே தேடாது. கோப்புறையை நகலெடுத்து ஒட்டுவதும் உதவாது. 3.9-க்காகத் தொகுத்த சி பகுதி பொதுவாக 3.11-இல் ஏறாது என்பதால் மறுபடியும் தொகுக்க வேண்டும்.

பயனர் தம் கணக்கில் மட்டும் நிறுவிய கூறு, 'சூடோ' சேர்த்து இயக்கும்போது தெரியாது. அப்போது பைத்தான் நிர்வாகிக் கணக்கின் கோப்புறையைத்தான் பார்க்கும்.

இன்னொரு பொறி எளிதில் புலப்படாதது. பைத்தான் முதலில் தேடுவது நிரல் இருக்கும் கோப்புறையை. மூலநிரலை இறக்கிய கோப்புறைக்குள்ளேயே சோதனை நிரலை வைத்தால், தொகுக்கப்படாத மூலக் கூறே முதலில் அகப்படும். நிறுவிய கூறு நல்ல நிலையில் இருந்தும் பிழை வரும். நிரலை வேறு கோப்புறைக்கு மாற்றினாலே போதும். தம் சோதனை நிரலுக்கே கூறின் பெயரை இட்டுவிடுவதும் இத்தகைய தவறுதான்.

கண்டறியும் முறை

பிழை தரும் நிரலின் தொடக்கத்திலேயே 'சிஸ்' கூறை அழைத்து, அதன் 'எக்சிகியூட்டபிள்', 'பாத்' ஆகிய இரு மதிப்புகளையும் அச்சிட வேண்டும். முதலாவது எந்தப் பைத்தான் இயங்குகிறது என்பதையும், இரண்டாவது அது எங்கெங்கே தேடுகிறது என்பதையும் காட்டும். முனையத்தில் தனியாகச் சோதிப்பது போதாது. நிரல் வேறொரு பைத்தானில் இயங்கக்கூடும். பிறகு அதே பைத்தானின் வழியாகப் 'பிப்' கருவியை அழைத்து, கூறு எங்கே நிறுவப்பட்டுள்ளது என்று கேட்கலாம். இரண்டு விடைகளும் பொருந்தாவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

மெய்நிகர் சூழல்

2023-இல் வெளிவந்த புக்வோர்ம் பதிப்பு முதல், பிப் கொண்டு இயங்குதளத்தின் பைத்தானுக்குள் நேரடியாக நிறுவ முயன்றால் மறுப்புச் செய்தி வருகிறது. மறுப்பை மீறுவதற்கு ஒரு விருப்பத்தேர்வு உண்டு. இயங்குதளப் பொதிகளை அது குலைத்துவிடும் என்பதை அதன் பெயரே எச்சரிக்கிறது. மாணவர் அதைத் தவிர்ப்பது நல்லது. 'வெண்வ்' மூலம் மெய்நிகர் சூழல் ஒன்றை அமைத்து அதனுள் நிறுவுவதே உரிய வழி. குறித்த நேரத்தில் தானே இயங்குமாறு 'கிரான்' அட்டவணையில் நிரலைச் சேர்த்தால், அச்சூழலின் பைத்தானை முழுப் பாதையுடன் எழுத வேண்டும். இல்லையெனில் பகலில் கையால் இயக்கும்போது சரியாக ஓடிய நிரல், இரவில் ஓர் அளவீட்டையும் பதியாது.

பழைய நிரலகத்தின் இடத்தை இப்போது சர்க்யூட்பைத்தான் வழி வந்த டிஎச்டி நிரலகம் பெற்றுள்ளது. பழையதை அழைக்கும் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் உண்டு. புதியதில் எல்லாம் சிறிய எழுத்துகள். பைத்தான் இவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். ராஸ்பெர்ரி பை 5-இல் இணைப்பு முனைகளை ஆர்பி1 என்ற தனிச் சில்லு கட்டுப்படுத்துகிறது. பழைய நிரலகமோ முந்தைய சில்லுகளின் நினைவக முகவரிகளை நேரடியாக அணுகுவது. ஆகவே அந்தக் கணினியில் தேடும் பாதை முழுவதையும் சரிசெய்தாலும் பழைய கூறு உணரியைப் படிக்காது.